மாமியாரின் கூடையைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். கணவர், நான், பன்னிரண்டு வயது மகன், ஒன்பது வயது மகள், எழுபதைத் தொடும் மாமியார் என வீட்டில் ஐந்து பேர். சென்ற ஆண்டு விடுமுறைக்கு நாங்கள் நால்வரும் சிங்கப்பூர் போனோம். தேக்கா சந்தையும், பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களும் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டன. ஒரு கடையில் வயதான தாத்தா ஒருவர் வந்து உட்கார்ந்ததும், அவர் வாய் திறந்து கேட்காமலேயே காப்பி வந்ததைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். சாப்பிட்ட தட்டை என் மகன் தானே எடுத்துக்கொண்டு போய் வைத்தான். ஆனால் இங்கே சந்தைக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ கூப்பிட்டால் ‘கூட்டம், நாற்றம்’ என்று இருவரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைக்கூட டிவியில்தான் பார்க்கிறோம். காய்கறி ஆப் மூலம் வந்துவிடுகிறது. மாமியார் தினமும் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய், இரண்டு கட்டுக் கீரைக்கு ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வருவார். விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்று தை மாதத்தோடு நிறுத்திவிட்டோம். அவருடைய ஒயர் கூடையையும் பரணில் போட்டுவிட்டேன். இப்போது மொட்டை மாடியில் வடாம் போடுவதோடு சரி. வரும் விடுமுறைக்குப் பினாங்குக்கு நான்கு டிக்கெட் போட இருக்கிறோம். பிள்ளைகளுக்கு நம் உணவிலும் விழாக்களிலும் ஈடுபாடு வர என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பிள்ளைகளுக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லை, நம் விழா பிடிக்கவில்லை என்ற கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. வளர வளரச் சரியாகிவிடும் என்று உங்களுக்கு ஆறுதல் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே கடிதத்தின் நடுவில், காய்கறிக் கணக்குக்கும் டிக்கெட் கணக்குக்கும் இடையே, எழுதி வைத்திருக்கிறீர்கள். மாமியாரின் கூடையைப் பரணில் போட்டதுதான் அந்தப் பதில்.

அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம் உண்மையானதாக இருந்தால், பேரனைத் துணைக்கு அனுப்பியிருப்பீர்கள். இல்லையென்றால் ஒரு ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்திருப்பீர்கள். வடாம் போட மொட்டை மாடிக்குப் படியேறுகிற கால், சமதளத்தில் சந்தைக்குள் நடக்கும்போது மட்டும் இடறிவிடும் என்பதை நான் நம்பவில்லை. நீங்கள் கூடையை எட்டாத உயரத்துக்கு ஏற்றினீர்கள். விழுந்துவிடுவார் என்று அஞ்சுகிறவர்கள் செய்கிற காரியம் அதுவன்று. ஒன்றரை மணி நேரம் வீணாகிறது என்று நினைக்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எப்போதாவது கூடப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை உங்கள் ஊரில், அதே அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல், அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத் தானே உட்கார்ந்து விற்கவும், அன்றன்றைய விலையை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்கவும் ஏற்பட்ட இடம் அது. அங்கே வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பதும், முருங்கைக்காயை இலேசாக முறுக்கிப் பார்த்து முற்றலை ஒதுக்குவதும், இன்றைக்கு அரைக்கீரை வேண்டாம், சிறுகீரை இளசாக இருக்கிறது என்று கீரைக்காரம்மா சொல்ல அதைக் கேட்டு வீட்டுச் சமையலையே மாற்றிக்கொள்வதும் ஒரு படிப்பு. தை பிறந்தால் மொச்சையும் பனங்கிழங்கும், சித்திரையில் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும், ஆடியில் நாவற்பழமும் வரும் என்பதை எந்த ஆப்பும் உங்கள் மகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. அதைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவரைத்தான் நீங்கள் மாடிக்கும் கூடத்துக்குமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

இனி சிங்கப்பூருக்கு வருகிறேன். கேட்காமலேயே காப்பி வந்த அந்தத் தாத்தாவைப் பார்த்து நெகிழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நெகிழ்ச்சி உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, கோழிச்சோற்றின் சுவைக்காக மட்டும் சேர்க்கவில்லை. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிற, கடைக்காரருக்கு வாடிக்கையாளரைத் தெரிந்திருக்கிற அந்தக் கூட்டு வாழ்க்கையும் சேர்ந்துதான் அந்த மதிப்பைப் பெற்றது. அந்தத் தாத்தாவுக்குக் காப்பிக் கடை எதுவோ, அதுவே உங்கள் மாமியாருக்கு உழவர் சந்தை. அவரைக் கண்டதும் கீரைக்காரம்மா இரண்டு கட்டை எடுத்துத் தனியே வைத்திருப்பார். ஒரு நாள் வராவிட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரித்திருப்பார். முன்பின் தெரியாத ஒருவருக்கு அது வாய்த்திருப்பதைப் பார்த்து உங்கள் கண் கலங்கியது. உங்கள் கணவரைப் பெற்றவருக்கு அது வாய்த்திருந்தபோது நேர விரயம் என்று தோன்றியது. இதை நான் கடுமையாகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், அப்படித்தான் சொல்கிறேன்.

நாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்காவின் ஈரச் சந்தையிலும் மீன் வாடை உண்டு, தரையில் தண்ணீரும் உண்டு. அங்கே உங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்தாததற்குக் காரணம், அவர்களுடைய அம்மா முகம் மலர்ந்து, ஒவ்வொரு கடையாக நின்று பார்த்துக்கொண்டே நடந்ததுதான். பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் எது அழகு, எது அருவருப்பு என்று முடிவு செய்கிறார்கள். அந்த ஊரின் சுத்தமும் தானாக வந்ததன்று. தெருவோரத்தில் கடை போட்டிருந்தவர்களை 1970களிலும் 80களிலும் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள கட்டடங்களுக்கு அரசாங்கம் மாற்றியது. சாப்பிட்டவர்கள் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதை 2021இல்தான் சட்டப்படி நடைமுறைப்படுத்தினார்கள். உங்கள் சந்தை அசுத்தமாக இருந்தால் மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள், ஐந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். போகாமல் இருந்துவிட்டு அசுத்தம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. தட்டு என்றதும் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் தட்டைத் தானே எடுத்து வைத்த மகன், வீட்டில் சாப்பிட்ட தட்டை யாருடைய கைக்கு விட்டுவிட்டு எழுந்து போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கணவரைப் பற்றியும் கடிதத்தில் அதிகம் இல்லை. ‘நிறுத்திவிட்டோம்’ என்று பன்மையில் எழுதியிருப்பதால், அவரும் சம்மதித்திருக்கிறார் என்று புரிந்துகொள்கிறேன். பெற்ற தாயின் காலைப் பொழுதை மனைவி நிறுத்தும்போது வாய் மூடி இருந்த மகனுக்கும் இதில் சரிபாதிப் பங்கு உண்டு. மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமை என்று ஒரு தலையில் மட்டும் சுமத்துகிற வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று. ஆகவே இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் வேலையாக, கூடையை இறக்கித் துடைத்து மாமியாரின் கையில் கொடுங்கள். மன்னிப்பு என்று பெரிய பேச்சு வேண்டாம். “அத்தை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்” என்றால் போதும். விடிந்த கையோடு போகட்டும், பத்து மணிக்கு நல்ல காய் இருக்காது. மகன் கூடையைத் தூக்கட்டும், மகள் கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்து அவளே தேர்ந்தெடுத்து வாங்கட்டும். சொத்தைக் கத்தரிக்காயை வாங்கி வந்தாலும் அதையே சமையுங்கள். திரும்பும் வழியில் பருத்திப்பால் வண்டி நின்றால் சுக்கும் கருப்பட்டியும் மணக்க ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்கட்டும்.

சித்திரைத் திருவிழாவை ‘கூட்டிப் போய்க் காட்டுவது’ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவனுக்கு நெரிசல்தான் தெரியும், வேலை செய்யப் போகிறவனுக்கு மனிதர்கள் தெரிவார்கள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி மேல்நிலைப் பள்ளியில் ஊருக்கே விருந்து நடக்கிறது. அதற்கு அரிசியும் பருப்பும் காய்கறியும் ஊர் மக்கள் கொடுப்பது. முந்தைய நாளே காய் நறுக்கப் பெண்கள் கூடிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு ஒரு மூட்டைப் பூசணிக்காயைக் கொண்டுபோய் இறக்குங்கள், மாமியாருக்குப் பக்கத்தில் நீங்களும் அரிவாள்மனையோடு உட்காருங்கள். மறுநாள் பந்தியில் விழும் கூட்டில் தங்கள் பூசணிக்காயும் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு ஈடுபாட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்களே, அதில் ஒன்றில் உங்கள் மகன் இரண்டு மணி நேரம் நின்று மோர் ஊற்றட்டும்.

பினாங்குக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் தலைநகரான ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரியத் தலம்; காலையில் சௌரஸ்தா சந்தைக்குப் போங்கள், நாசி கண்டார் கடையில் மதியம் சாப்பிடுங்கள். தோளில் காவடி போலக் கம்பு சுமந்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்த சாப்பாடு அது. அந்த ஊரில் தமிழ் பேசும் கடைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் ஒன்றரை மணி நேரம் நின்று பேசத் தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் ஒருவர்தான். அவர் இல்லாமல் நான்கு டிக்கெட் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் ஐந்து பேர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது டிக்கெட்டைப் பற்றி இன்றிரவே கணவரிடம் பேசுங்கள். மாமியாரிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால், விடுமுறைக்கு முன் கையில் கிடைக்கும்படி இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.