எலும்பு முறியவில்லை, ஆனாலும் கால் ஏன் மடங்குகிறது?

தாராவியில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எனக்கு வயது 44. மூன்று வாரம் முன்பு அந்தேரி ஸ்டேஷனில் கூட்டத்தோடு இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாகப் பிசகிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஜவ்வு கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். வீக்கமும் வலியும் ஏறக்குறைய போய்விட்டன. ஆனால் படி இறங்கும்போது கால் மறுபடி மடங்கிவிடும்போல் இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு வந்து புத்தூர் கட்டுப் போட்டுக்கொள் என்கிறார் அம்மா. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன். வேறென்ன செய்யலாம்? எப்போது பழையபடி லோக்கல் ரயிலில் போகலாம்?"

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஓர் எலும்பை இன்னோர் எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் ஜவ்வு, அதாவது லிகமென்ட், அதில் தெரியாது. கணுக்காலின் உள்பக்க ஜவ்வு அகலமானது, கெட்டியானது. வெளிப்பக்கத்தில் இருப்பவை ஒல்லியான மூன்று ஜவ்வுகள். அதனால் பாதம் பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் திரும்பும். வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் முதலில் கிழியும். அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

ஜவ்வில் உள்ள நீரைக் கழித்துவிட்டால், மீதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன் என்ற புரத இழைதான். நல்ல ஜவ்வில் அந்த இழைகள் முறுக்கிய தேங்காய்நார்க் கயிறு மாதிரி ஒரே திசையில் ஓடும். கிழிந்த இடத்தில் உடல் புதிதாகப் போடும் இழைகளோ கொட்டிவைத்த தும்பு மாதிரி தாறுமாறாகக் கிடக்கும். எந்தப் பக்கம் இழுப்பு வருகிறதோ அந்தப் பக்கம்தான் அவை மெல்ல மெல்ல வரிசைப்படும். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் இதற்கு நாளாகும். முதல் ஒட்டு விழவே சுமார் ஆறு வாரம் ஆகும், முழுப் பலம் திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம். நீங்கள் இருப்பது மூன்றாவது வாரம். வலி போய்விட்டது, ஜவ்வு இன்னும் ஆறவில்லை.

சரி, வலியே இல்லாதபோது கால் ஏன் மடங்க வேண்டும்? ஜவ்வு வெறும் கட்டு மட்டுமல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. ஜவ்வு கிழியும்போது அவையும் அடிபடும். பாதம் சாயத் தொடங்கியதும் காலின் வெளிப்பக்கத் தசை உடனே இழுத்துப் பிடிக்க வேண்டும், தகவல் தாமதமாகப் போவதால் அதுவும் தாமதமாக இழுக்கிறது. ஒருமுறை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கு மாத்திரை கிடையாது, பயிற்சிதான்.

சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நில்லுங்கள், 30 விநாடி. பல் தேய்க்கும் நேரம் இதற்குப் போதும். பழகியதும் சுவரை விட்டுவிடுங்கள், அப்புறம் கண்ணை மூடிப் பாருங்கள். கணுக்கால் எப்படி நடுங்குகிறது பாருங்கள். அந்த நடுக்கம்தான் பயிற்சி. கூடவே, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். இது நான் சொன்ன அந்த வெளிப்பக்கத் தசைக்கான பயிற்சி. அந்தத் தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண் வெளிக்கணுவுக்குப் பின்னால் வளைந்து பாதத்து எலும்பில் போய் ஒட்டுகிறது. தசைக்குப் பலம் வந்தால் ஜவ்வு ஆறும்வரை அது ஓரளவு ஈடுகொடுக்கும். குதிகாலைத் தூக்கி இறக்குவதும் தினமும் வேண்டும். இந்திய டாய்லெட்டில் குந்தக் கஷ்டமாக இருந்தால், சுவரை நோக்கி நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலைச் சுவரில் தொட முயலுங்கள்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். கெண்டைக்காலில் லேசாக எண்ணெய் தடவிக்கொள்வதில் கெடுதல் இல்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று பாதத்தைச் சொடக்கு விழ இழுப்பது கூடவே கூடாது. ஒட்ட ஆரம்பித்த இழை மறுபடி பிய்யும். கட்டு விஷயத்தில், லேசான கிழிசலுக்கு வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தால் மூட்டு இறுகும், தசை மெலியும். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

கால்சியம் எலும்புக்கு. ஜவ்வின் கொலாஜன் சரியாக உருவாக வைட்டமின் சி வேண்டும், அது கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் தாராளமாக இருக்கிறது. கடையில் விற்கும் கொலாஜன் பவுடருக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

லோக்கலுக்குத் தேதி குறித்துச் சொல்ல முடியாது. கைப்பிடி பிடிக்காமல் படி இறங்கவும், வலது காலில் மட்டும் 30 விநாடி ஆடாமல் நிற்கவும், அதே ஒற்றைக் காலில் பத்து தடவை குதிகாலைத் தூக்கவும் வலியில்லாமல் முடிந்தால் போகலாம். முதல் சில மாதம் கணுக்கால் பிரேஸ் போட்டுக்கொள்ளுங்கள், கிரேப் பேண்டேஜ் அந்த அளவுக்குத் தாங்காது. முடிந்தால் பீக் அவரைத் தவிருங்கள். வண்டி நிற்பதற்குள் குதிக்கும் மும்பைப் பழக்கம் வேண்டவே வேண்டாம். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் மடங்கினாலோ, மூட்டுக்குள் ஏதோ சிக்கி நிற்பதுபோல் இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் போய் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.