வெட்சி மஞ்சளிக்கிறது, இன்னும் யூரியா போடலாமா?

கேள்வி: ஐயா, முழங்காவிலில் புது மதில் ஓரமாக இருபது வெட்சி நட்டு இரண்டு வருடம். தேன்சிட்டும் தேனீயும் வரட்டும் என்றுதான் நட்டேன். இரண்டு தேனீப் பெட்டி இருக்கிறது. மாதம் ஒருமுறை கத்தரித்து ஒழுங்காக வைத்திருக்கிறேன். இப்போது கொழுந்தெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக இருக்கிறது. கடையில் யூரியா தந்தார்கள், போட்டும் மாற்றமில்லை. பயமாக இருக்கிறது. இன்னும் எவ்வளவு போடலாம்?

பதில்: இனி ஒரு பிடியும் வேண்டாம், தம்பி. நீங்கள் சொல்வது இரும்புச்சத்துக் குறை. யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் வெளிறும். எந்த இலை மஞ்சள் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் யூரியா நிறுத்துக் கொடுத்தது பெரிய பிழை.

உங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மதிலடியில் கொட்டிய சீமெந்தும் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் அதை வேர் எடுக்க விடுவதில்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். சாந்துக் கட்டிகளைக் கிளறி எடுத்துவிட்டு, பூவரசங் குழையும் மக்கிய மாட்டெருவும் புதையுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். இரும்புத் திரவம் தெளித்தால் இலை பச்சையாகும், சரி. தண்ணீர் மாறாவிட்டால் அடுத்த கொழுந்து திரும்பவும் மஞ்சள்தான்.

கத்தரிக்கோலைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வெட்சி கிளை நுனியில் பூக்கிற செடி. மாதாமாதம் நுனியை வெட்டினால் பூ எங்கே வரும்? பூ இல்லாமல் தேன்சிட்டு வராது. காய் சிவந்து கறுக்க விடாவிட்டால் கொண்டைக்குருவியும் வராது. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூவைப் பெட்டி மாதிரி வெட்டி நிறுத்துவதை என்னால் பார்க்க முடிவதில்லை. ஆளுயரத்துக்கு விடுங்கள். பழம் முடிந்த பிறகு, வருடத்துக்கு ஒருமுறை, காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள். கடையில் விற்கிற குட்டை இனத்தை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். காட்டோரச் செடியில் பதியன் போட்டாலே போதும்.

அப்புறம், தேனீ. வெட்சிப் பூவின் குழாய் ஒரு அங்குலத்துக்கும் மேல். தேனீயின் நாக்கு அடிவரை எட்டாது. அது வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் உரிய பூ. மகரந்தத்துக்கு வேலியோரம் ஆவாரை விதையுங்கள். விதைத்தோல் கடினம் என்பதால் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஐப்பசி மழையோடு போட வேண்டும். ஆவாரையில் தேன் இல்லை. அதற்கு வளவில் இரண்டு முருங்கை நிற்கட்டும். வெட்சியில் செதில்பூச்சி கண்டால் கிளையைக் கழுவி விடுங்கள், மருந்துப் போத்தலைத் தொடாதீர்கள். தேனீப் பெட்டி இருக்கிற வளவு அது.