ரசிக்க வரவில்லை என்றால் ரசிக்க வேண்டாம்

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயது. வேலைக்குப் போகிறேன். மகளுக்கு 12, மகனுக்கு 6. காலையில் கண் விழித்ததிலிருந்து எழுப்பு, குளிக்க வை, கிளப்பு, விரட்டு என்று ஓட்டம். மாலையில் வீட்டுப்பாடம், துணி, பாத்திரம், மறுநாளுக்கான ஏற்பாடு. கணவர் நல்லவர். ஞாயிறு மாலை பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவார். வாரம் முழுக்க அவர்கள் பேசுவது அதைப் பற்றித்தான். எங்கே திரும்பினாலும் 'சின்னச் சின்னத் தருணங்கள்தான் வாழ்க்கை, ரசியுங்கள், பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள்' என்கிறார்கள். எனக்கு ரசிக்க வரவில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகன் வந்து, 'அம்மா, எறும்பு தூங்குமா?' என்றான். 'அப்புறம் சொல்றேன், போய் எழுது' என்று அனுப்பிவிட்டேன். மகளிடம் எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில். இரவு படுத்தால், இன்று என்ன வாழ்ந்தோம் என்று யோசித்து ஒன்றும் கிடைக்காமல் அழுகை வருகிறது. இதில் அர்த்தம் எங்கே இருக்கிறது? நான் நல்ல அம்மா இல்லையா?

— பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒரு சுமையை இறக்கி வைத்துவிடலாம். ஒவ்வொரு தருணத்தையும் ரசித்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பல் தேய்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆறு வயதுப் பையனைக் காலை ஏழே காலுக்கு யாராலும் ரசிக்க முடியாது. ரசிக்கலாமே என்று சொல்கிறவர்களின் பிள்ளைகள் வளர்ந்து வெகுநாளாகியிருக்கும். இல்லையென்றால், அவர்கள் வீட்டில் பல் தேய்த்துவிடுகிறவர் வேறு யாராவதாக இருப்பார்.

இந்த எரிச்சல் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. டேனியல் கானெமன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தின நாளைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட நேரம் டிவி பார்த்த நேரத்துக்கும் சமைத்த நேரத்துக்கும் கீழேதான் வந்தது. அந்தப் பெண்களுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இல்லாமலா? களைப்பில் இருக்கும்போது வேலை வேலையாகத்தான் தெரியும்.

மேத்யூ ஒயிட், பால் டோலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் இதையே இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். அந்த நேரம் இன்பமாக இருந்ததா என்பதோடு, செய்ததற்கு ஒரு மதிப்பு இருந்ததா என்றும் கேட்டார்கள். பிள்ளைகளோடு கழித்த நேரத்துக்கு மக்கள் இன்பத்தைவிட மதிப்பில்தான் அதிக இடம் கொடுத்தார்கள். உங்கள் கடிதத்தின் சிக்கலே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அர்த்தத்தைத் தேடிப் புறப்படுகிறீர்கள், ஆனால் கையில் இன்பத்தை அளக்கிற அளவுகோலை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அதில் எதை வைத்து அளந்தாலும் குறைவாகத்தான் காட்டும்.

சரி, இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? என் அபிப்பிராயம், ஒருவர் கூப்பிட இன்னொருவர் திரும்பிப் பார்க்கிற இடத்திலிருந்து வருகிறது. ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதிதாகக் கல்யாணமான ஜோடிகளிடம் இதைக் கவனித்தார். 'ஜன்னலுக்கு வெளியே பார், அந்தப் பறவையை' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் என்ன செய்கிறார்? எட்டிப் பார்க்கிறாரா, கேட்காததுபோல இருக்கிறாரா, வள்ளென்று விழுகிறாரா? ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 100க்கு 86க்குத் திரும்பிப் பார்த்தவர்களாக இருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33க்குத்தான். அது கணவன் மனைவி பற்றிய ஆய்வுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அம்மாவின் முந்தானையை இழுப்பது இதைவிட வேறு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

86 என்பதையும் கவனியுங்கள், 100 இல்லை. நன்றாக வாழ்கிறவர்களும் சில தடவை காதில் வாங்காமல் விட்டிருக்கிறார்கள். ஆகவே நேற்று நீங்கள் அவனை அனுப்பிவிட்டது ஒரு குற்றமே அல்ல. 'அப்புறம்' என்று சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். அந்த அப்புறம் ஏதாவது ஒரு நேரத்தில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். இன்று மாலை நீங்களே போய், 'நேத்து எறும்பு பத்திக் கேட்டியே' என்று ஆரம்பித்துப் பாருங்கள். தன் கேள்வியை அம்மா ஒரு நாள் முழுக்க மனதில் வைத்திருந்தாள் என்பது அவனுக்கு அந்தப் பதிலைவிடப் பெரிய செய்தி.

பதிலையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தேடுகிற வேலை மிச்சம். எறும்பு தூங்கும். தீ எறும்புகளைக் கவனித்த ஆய்வாளர்கள், வேலைக்கார எறும்பு ஒன்று நாளுக்குச் சுமார் 250 தடவை, தடவைக்கு ஒரு நிமிடம் போலக் குட்டித் தூக்கம் போடுகிறது என்று கண்டார்கள். ராணி எறும்பு மட்டும் தடவைக்கு ஆறு நிமிடம் போல நிம்மதியாகத் தூங்குமாம். வேலைக்காரிக்கு ஒரு நிமிடம், ராணிக்கு ஆறு நிமிடம் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் நான் பொறுப்பில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஆறு நாளும் விரட்டுகிற வேலை உங்களுக்கு, ஏழாம் நாள் சிரிக்கவைக்கிற வேலை அவருக்கு. பிள்ளைகள் பேசுவது அந்த ஏழாம் நாளைப் பற்றி. 'கணவர் நல்லவர்' என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். நல்லவர் என்பதால்தான் இது இத்தனை நாள் பேசப்படாமல் இருந்திருக்கிறது. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ சண்டை வந்திருக்கும். சின்னத் தருணங்களை ரசிக்க உங்களுக்கு வரவில்லையா, அல்லது ரசிக்கக்கூடிய தருணங்கள் உங்கள் பங்குக்கு வராமல் வீடு பிரிக்கப்பட்டிருக்கிறதா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. இந்த மாதிரிப் பங்கீட்டை மனப்பயிற்சியால் சரிசெய்ய முடியாது, பேசித்தான் சரிசெய்ய வேண்டும்.

பேசும்போது 'நீங்கள் உதவி செய்யுங்கள்' என்று கேட்காதீர்கள். உதவி என்று கேட்டால் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் வந்து போகிறவராக இருப்பார். ஒரு வேலையை அடியோடு மாற்றிக் கொடுங்கள். பையனைத் தூங்கவைப்பதோ, காலையில் இருவரையும் கிளப்புவதோ, ஏதோ ஒன்று. அதை நினைவில் வைத்துக்கொள்வது, தாமதமானால் பதில் சொல்வது, சீருடை எங்கே என்று தேடுவது எல்லாமே அவர் பொறுப்பு. முதல் வாரம் கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும். பக்கத்து அறையில் இருந்துகொண்டு திருத்தம் சொல்லக் கூடாது, அதுதான் கஷ்டமான பகுதி. பதிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு நீங்கள் மட்டும். அன்று யாரையும் விரட்டாமல் இருந்தால் போதும், எங்கே போகிறீர்கள் என்பது முக்கியமே இல்லை.

போகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. லாஸ் ஏஞ்சலிஸில் அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்க முடியவில்லையே என்று அந்தப் பெற்றோருக்கும் மனக்குறை இருந்தது. ஆனால் பதிவுகளைப் பார்த்த தமர் கிரெமர்-சட்லிக், ஆமி பா என்ற ஆய்வாளர்கள் 2007இல் எழுதியது வேறு. வீட்டு வேலைக்கு நடுவிலும் வண்டியில் போகும்போதும் திட்டமிடாமலே வந்துபோகிற சில நிமிடங்களில், அந்த நெருக்கம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்றார்கள். யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். துணி மடிக்கிற அந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் வேலை என்ற கணக்கில் எழுதிவிட்டீர்கள். பையன் அதை அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம் என்று கண்டுபிடித்து வந்திருக்கிறான்.

மகள் விஷயத்துக்கு நான் நீட்டி எழுதப் போவதில்லை. 12 வயதில் ஒரு வார்த்தைப் பதில் இயல்பு. முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்கிற கேள்வி அந்த வயதுக்கு விசாரணைபோல இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது, வண்டியில் போகும்போது, இருவரும் சேர்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும். வந்தால் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். 'இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு உலகத்தில் எந்தப் பிள்ளையும் 'நல்லா இருந்தது' என்பதைத் தாண்டிப் பதில் சொல்வது அரிது.

இரவில் யோசித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறீர்களே, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஹார்வர்டில் டிங் ஜாங் என்பவரும் அவரது குழுவினரும் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அண்மையில் நடந்த ஒரு உரையாடல், கேட்ட பாட்டுகள், தங்களுக்குள் மட்டும் புரிகிற நகைச்சுவை என்று சாதாரண விஷயங்களை மாணவர்களை எழுதிவைக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தால் எவ்வளவு ஆர்வமாக இருக்கும் என்றும் அவர்களிடம் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தபோது, தாங்கள் நினைத்ததைவிட அதிக ஆர்வம் வந்ததை அந்த மாணவர்கள் கண்டார்கள். விசேஷ நாளைவிடச் சாதாரண நாளைப் பற்றித்தான் மக்கள் இப்படிக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆக, அன்றன்றே படுக்கையில் மதிப்புப் போடாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது களைப்பு மட்டும்தான்.

ஒரு நோட்டு வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். தினமும் வேண்டாம். நல்லதை எண்ணிப் பார்க்கிற பயிற்சியை சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் சோதித்தபோது, ஆறு வாரத்தில் பலன் கண்டவர்கள் வாரம் ஒரு தடவை எழுதியவர்கள்தான். மூன்று தடவை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் ஒரு வேலையாகிவிட்டது போலிருக்கிறது. உங்களுக்கு இன்னொரு வேலை தேவையில்லை. நன்றி, பாக்கியம் என்றெல்லாம் எழுத வேண்டாம். யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சண்டை வந்தது, எந்தச் செருப்பு தொலைந்தது, பையன் எந்தச் சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறான் என்று நாலு வரி. அழகாக எழுத முயற்சி செய்தால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். படுத்தால் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதாவது ஒரு நாள் என்றால் களைப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் அப்படி இருந்தால், அல்லது முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், அது நோட்டுப் புத்தகத்தில் தீருகிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை போன்ற உடல் காரணங்களும் மனிதரை இப்படி வற்றவைக்கும். மனச்சோர்வுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. நானாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் செய்வேன்.

நல்ல அம்மாவா என்ற கேள்விக்கு நான் சான்றிதழ் தர முடியாது. கெட்ட அம்மாவிடம் எறும்பைப் பற்றி யாரும் கேட்க வருவதில்லை என்பது மட்டும் தெரியும்.

கணவரிடம் பேசுவதற்குச் சண்டை போட்ட நாளையோ ஞாயிறு மாலையையோ தேர்ந்தெடுக்காதீர்கள். வாரத்தின் நடுவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசுங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் வேண்டாம். 'இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு ஞாயிறு வேண்டும்' என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் எந்த வேலையை எடுத்துக்கொண்டார் என்று எனக்கு எழுதுங்கள்.