கிழக்காசிய இளைஞர்களுக்குப் பேச்சு சிகிச்சையை அவர்கள் பண்பாட்டுக்கேற்ப மாற்ற வேண்டுமா?

கேள்வி: பதற்றமும் மனச்சோர்வும் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? சீன, கொரிய, ஜப்பானிய இளைஞர்களுக்கு மட்டும் பேச்சு சிகிச்சையை ஏன் மாற்ற வேண்டும்? எதை மாற்ற வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் படிக்க வந்தவர்கள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

சிகிச்சையின் அடிப்படை நுட்பங்களை மாற்ற வேண்டியதில்லை. அஞ்சுகிற ஒன்றைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது, முடங்கிக் கிடப்பவரைச் சின்னச் சின்ன வேலைகளில் மறுபடி இறக்குவது, தன்னைப் பற்றிய கொடூரமான எண்ணங்களை நிறுத்தி விசாரிப்பது ஆகிய மூன்றும் சியோலிலிருந்து வந்தவருக்கும் பலிக்கின்றன, சிட்னியில் பிறந்தவருக்கும் பலிக்கின்றன. மாற வேண்டியது வேறு. 'குணமடைவது' என்றால் இன்னது என்று நாம் முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருக்கிறோமே, அதுதான் மாற வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் பிலடெல்பியாவில் உருவாக்கிய, எண்ணங்களை ஆராயும் சிகிச்சை முறையிலும் அதன் வழிவந்த பாடநூல்களிலும் ஒரு நம்பிக்கை ஓசையில்லாமல் ஓடுகிறது: என் விருப்பம் வேறு, வீட்டாரின் விருப்பம் வேறு, இரண்டையும் பிரித்தறிந்து என் பக்கம் நிற்கக் கற்றுக்கொண்டால் நான் தேறிவிட்டேன். இதைச் சீனாவில் ஒரே குழந்தைக் கொள்கைக் காலத்தில் பிறந்த ஒரு மாணவியிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டிகள், அவர்கள் அத்தனை பேரின் சேமிப்பும் அவளுடைய கல்விக் கட்டணத்தில் இருக்கிறது. "பெற்றோரின் எதிர்பார்ப்புக்கு நீ பொறுப்பல்ல" என்ற வாக்கியம் அவளுக்கு ஆறுதல் தராது. தன்னை எந்த உறவு தாங்கிப் பிடிக்கிறதோ, அதையே அறுக்கச் சொல்வதாகத்தான் அவள் காதில் விழும்.

அப்படி ஒருத்தி வந்தாள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வயிற்று வலி, தூக்கமில்லை என்றுதான் சொன்னாள். சோகம் என்ற பேச்சே எடுக்கவில்லை. இதைக் கண்டு 'இவர்களுக்கு உணர்வுகளைச் சொல்லத் தெரியாது' என்று முடிவுகட்டுவது தவறு. அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1980ஆம் ஆண்டுவாக்கில் ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், நரம்புத் தளர்ச்சி (களைப்பு, தலைவலி, தூக்கமின்மை போன்றவற்றுக்கு அங்கே வழங்கிய நோய்ப்பெயர்) என்று முத்திரை குத்தப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின் அரசியல் கெடுபிடிகளைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். மனம் சோர்ந்துவிட்டது என்று வெளியே சொல்வது ஆபத்து. உடம்பு முடியவில்லை என்று சொன்னால் கவனிப்பாவது கிடைக்கும். ஆகவே நான் முதலில் தூக்கத்தைப் பற்றியே நிதானமாகக் கேட்கிறேன். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், விழித்துக்கொண்டால் என்ன நினைப்பு ஓடுகிறது என்று கேட்டாலே மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 1970களில் சியாட்டில் பகுதி மனநல மையங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி சூ, ஆசிய அமெரிக்கர்களில் சுமார் பாதிப்பேர் முதல் சந்திப்போடு நின்றுவிட்டதையும், வெள்ளையர்களில் அது 30 சதவீத அளவிலேயே இருந்ததையும் கண்டார். பின்னர் 1987இல் அவரும் இன்னொரு உளவியலாளரான நோலன் ஸேனும் சேர்ந்து எழுதியதன் சாரம் இதுதான்: வந்தவர் உங்களை நம்ப வேண்டும், வந்ததற்குப் பலன் அப்போதே தெரிய வேண்டும். அந்த மாணவிக்கு நான் தூக்கத்துக்கான ஒரு வார அட்டவணையும், தேர்வைத் தள்ளிவைக்க ஒரு கடிதமும் கொடுத்தேன். அவள் மறுபடி வந்ததற்கு என் பேச்சைவிட அந்தக் கடிதம் பெரிய காரணமாக இருந்திருக்கும்.

எண்ணங்களைப் பதிவு செய்யும் தாளில் அவள், "நான் தோற்றால் அவர்கள் உழைப்பெல்லாம் வீண்" என்று எழுதினாள். இந்த எண்ணம் உண்மையா, ஆதாரம் என்ன என்று குறுக்கு விசாரணை நடத்துவது வழக்கமான வழி. நான் வேறு விதமாகக் கேட்டேன்: "நீ இங்கே தூங்காமல் கிடப்பது அம்மாவுக்குத் தெரிந்தால், அவர் எதற்கு வருந்துவார், மதிப்பெண்ணுக்கா?" நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூக்கத்துக்குத்தான். ஆனால் அப்பாவுக்கு மதிப்பெண்" என்றாள். பாதி வழி திறந்துவிட்டது. ஞாயிறு மாலை வீடியோ அழைப்பில் அப்பாவிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேச அவளைப் பழக்கவில்லை. முதலில் அம்மாவிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்வது, பிறகு அப்பா மதிக்கிற பெரியம்மா மூலம், தான் படிக்கும் பாடப்பிரிவை மாற்றும் பேச்சை எடுப்பது என்று இருவரும் ஒத்திகை பார்த்தோம். நடுவில் ஒரு பெரியவரை வைத்துப் பேசுவதைக் கோழைத்தனம் என்று நினைக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நல்ல உத்தியாகவே படுகிறது.

பதற்றத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஜப்பானில் தைஜின் க்யோஃபுஷோ என்று அறியப்படும் அச்சத்தில், என் பார்வையோ முகச் சிவப்போ உடல் வாடையோ மற்றவரைச் சங்கடப்படுத்திவிடுமே என்பதுதான் கவலை. "மற்றவர் உன்னைப் பற்றி என்ன நினைத்தால் என்ன?" என்று இவர்களைத் தேற்றப் போனால் குறி தப்பிவிடும். டோக்கியோ மருத்துவர் ஷோமா மொரிட்டா இத்தகைய அச்சங்கள் உள்ளிட்ட பதற்ற நோய்களுக்கு 1919 வாக்கில் ஒரு முறையை வகுத்தார்: அச்சத்தோடு மல்லுக்கட்டாதே, அது இருக்கட்டும், செய்ய வேண்டிய வேலையைச் செய். பேச்சு சிகிச்சை மேற்கில் மட்டும் பிறந்ததல்ல என்பதை இளம் ஆலோசகர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதற்காக மரபை எடுத்து எல்லோர் தலையிலும் கட்டக் கூடாது. சீனாவில், இயல்பின் போக்கில் வாழச் சொல்லும் பழந்தத்துவமான தாவோ சிந்தனையை 32 சீன எழுத்துகளில் சுருக்கி அமைத்த ஒரு சிகிச்சை இருக்கிறது. 2002இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் பதற்றத்தை அது மாத்திரையைவிட மெதுவாகக் குறைத்தாலும் ஆறு மாதத்திலும் பலன் நீடித்தது. ஆனால் 'ஆசையைக் குறை, போட்டி போடாதே' என்ற அதன் வரிகள், தேர்வுக்குப் படிக்கும் 19 வயதுப் பையனுக்கு இன்னொரு கண்டிப்பாகக் கேட்கலாம். எனக்கு வேண்டியது இவன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்பது. எந்த நாடு என்பது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, பாடநூல்களில் ஓரிரு வரியில் முடிந்துவிடும் ஒரு விஷயம்: ரகசியம். இங்கே பேசுவது வீட்டுக்குப் போகுமா, விசாவைப் பாதிக்குமா, ஊர்க்கார நண்பர்களுக்குத் தெரியுமா என்ற பயத்திலேயே பலர் வாசல்வரை வந்து திரும்புகிறார்கள். அதனால் பதிவேட்டை யார் பார்க்கலாம், யார் பார்க்க முடியாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்வேன் என்பதையெல்லாம் அவர்கள் மொழியிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்பதற்கு முன்பே அந்தத் தாளைக் கொடுத்துவிடுகிறேன்.