சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஆண் கல்யாணம் செய்யலாமா? குழந்தை பிறக்குமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?

கேள்வி கேட்டிருக்கும் தம்பிக்கு 26 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்பது பசை மாதிரி இறுகிவிடும் பரம்பரை நோய். தம்பிக்குச் சின்ன வயதிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தாம்பத்தியம் சரியாக இருக்குமா, குழந்தை பிறக்குமா, பெண் வீட்டில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி. சொல்லித்தான் ஆக வேண்டும். பெண்ணின் அப்பாவிடமும் தாய்மாமனிடமும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அந்தப் பெண்ணிடமே சொல்லுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். 2014-ல் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அது அவருக்கே தெரியாது. அவர் மறைத்துக் கட்டினார் என்று யாரும் தயவுசெய்து எழுத வேண்டாம். யாருக்கும் தெரியாமல் போனதற்கே நாலு வருஷம் நான் பட்டது போதும்.

அவர் எனக்குச் சொந்த அத்தை மகன். பாம்பனில் வீடு. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சின்னப் பிள்ளையில் இருந்தே இருமல், ஒல்லி, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தும் இரண்டு தடவை ஆறு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். கைக்குட்டை காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அத்தையிடம் கேட்டேன். "கடக்கரைக்காரன் வேர்வை கரிக்காம இனிக்கவா செய்யும்" என்றார்கள். அத்தை சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் காற்றே கரிக்கும். வேறு ஊராக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஒரு வருஷம் கழிந்ததும் "விசேஷம் உண்டா" என்று ஆரம்பித்தார்கள். இரண்டாம் வருஷம் அதுவே "வயித்துல புழு பூச்சி தங்கலையா" என்று ஆனது. வளைகாப்பு வீட்டில் சந்தனத் தட்டு என் பக்கம் வராமல் திரும்பிப் போனதை இரண்டு தடவை பார்த்தேன். சேதுக்கரையில் முழுகினோம். திருப்புல்லாணியில் நாகப் பிரதிஷ்டை செய்து பாயசம் குடித்தோம். கோயிலைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்றைக்கும் திருப்புல்லாணி போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிகளைத்தான் கேட்கிறேன். கருமுட்டை வளர மாத்திரை கொடுத்தார்கள், மாதம் மூன்று தடவை ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பைக்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த எக்ஸ்ரே எடுத்த அன்று பஸ்ஸில் உட்கார முடியாமல் ராமநாதபுரம் வரை நின்றே வந்தேன். மூன்று வருஷத்தில் ஒரு டாக்டர்கூட அவருக்கு விந்துப் பரிசோதனை எழுதவில்லை. சில நூறு ரூபாய் டெஸ்ட் அது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

2018-ல் மதுரையில் ஒரு வயதான சிறுநீரக டாக்டர் அந்த டெஸ்டை எழுதினார். அணுவே இல்லை என்று வந்தது. அளவும் ரொம்பக் குறைவு, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இல்லை. டாக்டர் இவரைப் படுக்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்தார். கை கழுவிக்கொண்டே கேட்டார்: "சின்ன வயசுல இருந்தே இருமலா தம்பி? வேர்வை காஞ்சா சட்டையில உப்புப் பூக்குமா?" எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு வருஷமாக நான் கையால் தேய்த்துத் துவைத்த கோடு அது.

அங்கிருந்து வேலூர் போனோம். கையில் ஒரு மருந்தைத் தடவி, லேசாகக் கரண்ட் கொடுத்து, வியர்வையைச் சேர்த்து அதில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 60-க்கு மேல் போனால் இந்த நோய். இவருக்கு 94. மரபணு டெஸ்டும் அதையே சொன்னது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நான் டாக்டர் இல்லை. எனக்கு விளங்கியதை விளங்கியபடி சொல்கிறேன். ஏழாவது குரோமோசோமில் சிஎஃப்டிஆர் என்று ஒரு மரபணு இருக்கிறது, 1989-ல் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் உப்பும் நீரும் போய்வரும் வழி அதன் பொறுப்பு. அது கெட்டால் நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்பது பசை மாதிரி இறுகிவிடும். விதையிலிருந்து அணுவைக் கொண்டுவரும் குழாயும், தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகாமல் போய்விடும். இந்த நோய் உள்ள ஆண்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இப்படித்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் ஆணுக்கு வெட்டிக் கட்டுகிறார்களே, அதே குழாய்தான். அந்த ஆபரேஷன் செய்துகொண்டவரை ஆண்மை போனவர் என்று விவரம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. ஆசை, விறைப்பு, ஹார்மோன் எல்லாம் அதன்பாட்டுக்கு இருக்கும். விதைக்குள் அணு உற்பத்தி ஆகிக்கொண்டேதான் இருக்கும், வெளியே வர வழி இல்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆண்மைக்குறைவு என்று ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரிடம் மட்டும் போய்விடாதீர்கள். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போய் 18 ஆயிரம் கொடுத்து லேகியம் வாங்கி வந்தார். இல்லாத குழாயை எந்த லேகியமும் உண்டாக்காது.

ஆனால் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குக் குழாய் இருக்கும். அதனால் நமக்கு எப்படியும் பிறக்காது என்று டெஸ்ட் எடுக்காமல் நம்பி இருந்துவிடாதீர்கள். அணு இல்லை என்றாலும் பால்வினை நோய் தொற்றும், ஆணுறை அதற்கும்தான்.

ஊசி வைத்து விதையிலிருந்து நேராக அணுவை எடுத்து, முட்டைக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்துவதை இக்ஸி என்கிறார்கள். 1992-ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் பெண்ணுக்கு மரபணு டெஸ்ட் கட்டாயம் எடுக்க வேண்டும். இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வர வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டுமே பழுது, பிள்ளைக்கு ஒன்று நிச்சயம் போகும். மனைவியிடம் பழுது இல்லை என்றால் பிள்ளை அதைச் சுமக்குமே தவிர நோய் வராது. மனைவியும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டும் நமக்கு இது ரொம்ப முக்கியம். என் அத்தையிடமிருந்துதான் இவருக்கு ஒன்று வந்திருக்கிறது. அது என் அப்பாவுக்கும் வந்து, அவரிடமிருந்து எனக்கும் வந்திருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ரிப்போர்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இல்லை என்று வந்தது. டெஸ்ட் எடுக்கும்போது மரபணு முழுவதையும் படிக்கும் டெஸ்டாகக் கேளுங்கள். வெள்ளைக்காரர்களிடம் அதிகம் காணப்படும் மாற்றங்களை மட்டும் தேடும் டெஸ்டில் நம் ஆட்களுடையது தப்பிவிடலாம்.

2023-ல் தடைக்காலத்தில் இக்ஸி செய்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனியிலும் வேலை இருக்காது, அப்போதுதான் இவருக்கு லீவு. எனக்குப் போடும் ஊசி மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், ஆனால் உறையவும் விடக் கூடாது. கம்பெனியில் இருந்து ஐஸ் எடுத்து, துண்டில் சுற்றி, தெர்மாகோல் மீன் பெட்டியின் அடியில் போட்டு, மேலே ஒரு தட்டு வைத்து அதன்மேல் மருந்தை வைப்பார். மீன் வாடை போக அந்தப் பெட்டியை எலுமிச்சம்பழம் போட்டு மூன்று தடவை கழுவினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலத்தில் மறுபடி ரயில் ஓடியது 2025 ஏப்ரலில். இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ரயில் இருந்தால் நெபுலைசரையும் மருந்துப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை நீட்டி மதுரை போய்விடலாம். அது இல்லாமல், இழுத்து இழுத்து மூச்சு விடும் மனுஷன் சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். அந்த வெயிலில் உடம்பு உப்பு முழுவதும் வியர்வையாகப் போய், பரமக்குடி தாண்டியதும் மயங்கிச் சரிந்தார். இந்த நோய்க்காரர்களுக்கு வெயில் காலத்தில் இது உயிருக்கே ஆபத்து. உப்புப் போட்ட நீராகாரம் பாட்டிலில் இல்லாமல் இப்போது வாசல் தாண்டுவதில்லை. புதுப் பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவரை நோயாளிகள் போய்வர ஒரு ஏற்பாடு செய்திருக்கலாம்.

இவருக்கு மயக்கம் கொடுத்து ஊசியில் அணு எடுத்தார்கள். நுரையீரலைப் பார்க்காமல் மயக்கம் கொடுக்கக் கூடாது, அதற்கு முன்னால் பதினைந்து நாள் நெபுலைசரைக் கூட்டினோம். நாலு கரு உருவானது. இரண்டை வைத்தார்கள், தங்கவில்லை. இரண்டை உறைய வைத்திருக்கிறார்கள். இதுவும் இல்லை என்றால் தானமாக அணு வாங்கலாம் என்றார்கள். 2021 சட்டப்படி பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் அதை வாங்க முடியும். இவர் சரி என்கிறார். எனக்கு இன்னும் மனசு முடிவுக்கு வரவில்லை.

முதல் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் கூச்சம்தான். ஒரு பொம்பளை இதைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். எனக்கு அன்றைக்கு யாராவது எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு வருஷம் இவர் விலகிப் படுப்பார். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன். நடுவில் இருமல் வந்துவிடும், சளி துப்ப எழ வேண்டிவரும் என்ற பயம்தான் அது என்று நோய் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்து சொன்னார். இப்போது ராத்திரி உப்புத்தண்ணீர் நெபுலைசர் வைத்த பிறகு, அவரைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டுவேன். உள்ளங்கையைத் தண்ணீர் அள்ளுகிற மாதிரி குவித்துக்கொண்டு, விலா எலும்பின்மேல் டொப் டொப்பென்று இருபது நிமிஷம். சளி இறங்கி, நெஞ்சு லேசாகிவிடும். அதற்குப் பிறகு மூச்சு வாங்காது. சாப்பிட்டவுடன் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் அவருக்குச் சுலபம். சளியில் ரத்தம் வந்த நாட்களில் டாக்டரைப் பார்க்கும்வரை தவிர்த்துவிடுவோம். நடுவில் இருமல் வந்தால் இருமட்டும், எழுந்து போகட்டும், திரும்பி வருவார். எனக்கு அது பழகிப்போனது.

இதே நோய் உள்ள பெண் யாராவது படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கதை வேறு. கர்ப்பப்பை வாயில் சளி கெட்டியாக இருப்பதால் கரு தங்கத் தாமதமாகலாம், ஆனால் நிறையப் பேருக்கு இயற்கையாகவே தங்குகிறது. பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் கருத்தடை வேண்டும். காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், டாக்டரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள். பிள்ளை வேண்டும் என்றால் நுரையீரலின் பலத்தையும் சர்க்கரையையும் முதலில் பார்த்துவிட்டு இறங்குங்கள். 2019-ல் அமெரிக்காவில் அனுமதித்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையை எடுத்த பிறகு எதிர்பாராமல் கர்ப்பமான பெண்கள் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அதன் விலை எட்டாது. ஆணுக்கு அந்த மாத்திரையால் குழாய் முளைக்காது. அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பதால் வெள்ளைப்படுதலும் அரிப்பும் வரும், இருமும்போது சிறுநீர் கசியும். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

தம்பி, பெண் பார்க்கப் போகும் முன்பே விந்துப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அளவு, அணு, ஃப்ரக்டோஸ் மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரிப்போர்ட்டை அந்தப் பெண்ணிடம் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்றால் அது அவள் உரிமை. சரி என்றால், குழந்தை தாமதமாகும்போது உங்கள் அம்மா அவளிடம் கேட்பதற்கு முன்னால் நீங்கள் வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள். இவர் ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரியே அத்தையிடம் சொன்னார். அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மீதி இரண்டு கருவையும் இந்தத் தடைக்காலத்தில் வைக்கப் போகிறார்கள். ஜூன் 14 வரை மதுரையில் மதினி வீட்டில் இருப்பேன், பதில் தாமதமானால் தப்பாக நினைக்க வேண்டாம்.