பிஸ்கட் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம்?

கிளிநொச்சியில் தரம் 3 படிக்கிற மகளுக்குப் பிஸ்கட் தவிர என்ன கொடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் கிடைக்கிற சாமானே போதும்.

நான் முதலில் சொல்வது கௌபி. இரவே ஊறப்போடுங்கள். காலையில் அவித்து, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, ஒரு கைப்பிடி முருங்கையிலையும் போட்டுப் பிரட்டுங்கள். தேங்காய்ப்பூ மட்டும் வேண்டாம். வன்னி வெக்கைக்கு இடைவேளைக்குள்ளேயே புளித்துவிடும். ஆவி அடங்கிய பிறகே பெட்டியை மூடுங்கள். மேலே கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால், கௌபியிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கொய்யாப்பழத் துண்டு வைத்தாலும் அதே பலன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்துச் சேருவது குறையும், அதனால் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

மற்ற நாட்களில் குரக்கன் புட்டு, அவித்த முட்டை எல்லாம் சரி. வீட்டில் நெத்தலி சமைத்தால் முள்ளோடு சாப்பிடப் பழக்குங்கள், கல்சியம் முள்ளில்தான் இருக்கிறது.

அப்புறம், பெட்டி மிச்சத்தோடு திரும்பி வந்தால் தயவுசெய்து ஏசாதீர்கள். இடைவேளை நேரம் போதவில்லையா என்று பிள்ளையிடம் கேட்டு, அடுத்த நாள் அளவைக் குறைத்து வையுங்கள்.