விசிலுக்கு முன்னாடி, விசிலுக்குப் பின்னாடி: வார இறுதி கால்பந்து மேட்ச்சுகள் பற்றிக் கேள்வி பதில்

இந்த வாரக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஆஃப்சைடும் (சக வீரர் பாஸ் உதைக்கும்போது எதிரணிப் பாதியில் பந்தையும், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்பது) ஹேண்ட்பாலும்தான். ரெஃபரியைத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: எந்தக் கணத்தை வைத்து முடிவு எடுத்தார், அந்த இடத்தில் விதி என்ன சொல்கிறது. சனிக்கிழமை ராத்திரி நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை அதிலேயே அடங்கிவிடும்.

கொளத்தூரிலிருந்து: அண்ணா, டிவியில நிறுத்திப் பார்த்தா ஸ்ட்ரைக்கர் சரியாத்தான் நிக்கிறாரு. கோடு போட்டா ஆஃப்சைடுங்கறாங்க. எதை நம்பறது?

நீங்கள் நிறுத்துகிற இடத்தில்தான் தப்பு வருகிறது, தம்பி. பாஸ் கொடுப்பவர் கால் பந்தை முதன்முதலில் தொடும் கணம்தான் கணக்கு. பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு நிறுத்தினால் எல்லாமே மாறிவிடும். கோல்கீப்பர் கையால் எறியும்போது மட்டும் பந்து கையை விட்டுப் போகும் கடைசித் தொடுதல்.

ஒளிபரப்பு கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் நொடிக்கு 10 மீட்டர் போகிறார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர். டிஃபெண்டர் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஏறி வந்தால் வித்தியாசம் 40 சென்டிமீட்டர். போனில் பதிவு பண்ணின கிளிப்பில் படங்கள் இன்னும் குறைவு என்பதால் அதை வைத்து வாதாடவே வேண்டாம்.

கேமரா நடுக்கோட்டுக்கு நேராக கேலரியின் உயரத்தில் இருப்பதால் பாக்ஸ் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டம்) பக்கம் எல்லாம் சாய்வாகத் தெரியும். கண்ணால் பார்ப்பதைவிட, புல்லை வெட்டிய பட்டைகளை வைத்துப் பாருங்கள். அவை பெரும்பாலும் கோல் லைனுக்கு இணையாக ஓடும். தலை, உடம்பு, கால் கணக்கில் வரும். கை வராது. அக்குளின் அடிப்பகுதிக்கு நேர்வரைக்கும் தோள், அதற்குக் கீழே கை.

2022 உலகக் கோப்பையில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. எந்தக் கணத்தில் உதைத்தார் என்ற சந்தேகத்தைத் தீர்த்தது அந்தச் சென்சார்தான். இங்கிலாந்தின் பிரீமியர் லீகிலும் 2025 ஏப்ரலிலிருந்து, கேமராக்களே வீரர்களைப் பின்தொடர்ந்து கோடு போட உதவும் அரைத் தானியங்கி ஆஃப்சைடு வந்துவிட்டது.

பெரியமேடு: பிரீமியர் லீக்ல ஆட்டத்தை ஓடவிட்டு அப்புறம் கொடி தூக்கறாங்க. நேரு ஸ்டேடியத்துல லைன்ஸ்மேன் ஏன் உடனே தூக்கிடறாரு?

அவர் செய்வது சரி. கொடியைத் தாமதிப்பது விஏஆர் (வீடியோ பார்த்து ரெஃபரியின் முடிவைத் திருத்த உதவும் முறை) இருக்கும் இடத்துக்கான பழக்கம். தப்பாகக் கொடி தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டால் போன கோலைத் திரும்பக் கொடுக்க முடியாதே என்பதற்காக. 2024-25 சீசன் வரை நம் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) விஏஆர் கிடையாது. கொடியைத் தாமதித்தால் பின்னால் திருத்த ஆளில்லை, நடுவில் யாருக்காவது அடிபடுவதுதான் மிச்சம். அங்கேயும் ஆஃப்சைடு இடத்தில் நிற்பவரைப் பார்த்ததுமே கொடி ஏறாது. அவர் பந்தைத் தொடுகிறாரா, எதிராளியைத் தடுக்கிறாரா என்று ஒரு நொடி காத்திருப்பார். அந்த ஒரு நொடிக்கே நம் கேலரியில் கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

வியாசர்பாடி: 2023ல சேத்ரி அடிச்ச ஃப்ரீ கிக் செல்லுமா செல்லாதா? எங்க டீம்ல இன்னும் அதே பஞ்சாயத்து.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா, ஐஎஸ்எல் நாக்-அவுட். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். ரெஃபரி கோல் என்றார். கேரளா கோச் இவான் வுகோமானோவிச் அணியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெற்றி பெங்களூரு அணிக்குப் போனது. கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை.

விதிப்படி, ஃப்ரீ கிக் கிடைத்த அணி விசிலுக்குக் காத்திருக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. பந்து அசையாமல் சரியான இடத்தில் இருந்தால் உடனே அடிக்கலாம். எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்பது அடிக்கும் அணிக்கான உரிமை. அது வேண்டாம் என்று அவர்களே விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ரெஃபரி நடுவில் புகுந்து சுவரைத் தள்ளி நிறுத்த ஆரம்பித்தாலோ, கார்டு எடுத்தாலோ, அடிபட்டவரைப் பார்க்கப் போனாலோ, அதன் பிறகு விசில் இல்லாமல் அடிக்கக் கூடாது. ரெஃபரி விசிலைக் காட்டி ‘காத்திரு’ என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்து முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது: ரெஃபரி அந்த நடைமுறையை ஆரம்பித்தாரா இல்லையா. ‘சேத்ரி ஏமாத்திட்டாரு’ என்பது விதியில் இல்லாத குற்றச்சாட்டு. அணியை வெளியே அழைத்துப் போனது எந்தக் கணக்கிலும் தப்பு. புகார் கொடுக்க மேட்ச் முடிந்த பிறகு வழி உண்டு.

உங்கள் டீமுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபவுல் விழுந்ததும் கீப்பர் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு சுவரை ‘இடது, இடது’ என்று சரிபண்ணப் போகிறாரே, அந்த நொடியில் கோலின் மீதி முழுக்கத் திறந்து கிடக்கும். ‘விசில் உண்டு’ என்று ரெஃபரி வாயால் சொன்ன பிறகுதான் கீப்பர் நடுவை விட்டு நகர வேண்டும். கேப்டன் ரெஃபரியிடம் கேட்டு உறுதிபண்ணட்டும். பந்துக்கு முன்னால் போய் நின்று மறிக்கச் சொல்லாதீர்கள், அதற்கு மஞ்சள் கார்டு.

அம்பத்தூர்: கை மேல பட்டா ஒரு நாள் பெனால்டி, ஒரு நாள் இல்லை. என்ன கணக்கு சார்?

கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோனால் ஹேண்ட்பால். அந்த நேரத்து ஓட்டத்துக்கோ குதிப்புக்கோ தேவையில்லாத இடத்தில் கை விரிந்து உடம்பைப் பெரிதாக்கினாலும் ஹேண்ட்பால். சறுக்கி விழும்போது தரையில் ஊன்றிய கையில் பட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கோல் அடித்தவரின் கையிலேயே பட்டு உள்ளே போனாலோ, பட்ட உடனே அவரே அடித்தாலோ, தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் கிடையாது. பக்கத்தில் நின்ற சக வீரரின் கையில் தெரியாமல் பட்டு இவர் அடித்தால் 2021லிருந்து கோல் செல்லும். டிவியில் பேசுபவர்களே இந்தக் கடைசி வித்தியாசத்தை இன்னும் குழப்புகிறார்கள்.

மயிலாப்பூர்: கடைசி டிஃபெண்டர் இழுத்துப் போட்டா ரெட் கார்டுதானே? பாக்ஸுக்குள்ள ஏன் மஞ்சள்?

‘கடைசி டிஃபெண்டர்’ என்ற சொல் விதியிலேயே இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் கோலை நோக்கிப் போகிறதா, பந்து ஸ்ட்ரைக்கர் வசப்படுமா, சுற்றி எத்தனை டிஃபெண்டர்கள், இந்த நான்கும் சேர்ந்து தெளிவான கோல் வாய்ப்பு என்று தெரிந்தால் ரெட். பாக்ஸுக்குள் பந்துக்காகக் காலை விட்டு, பந்து சிக்காமல் ஆளை இடறினால், 2016லிருந்து பெனால்டியும் மஞ்சளும் போதும். சட்டையைப் பிடித்து இழுத்தால், தள்ளினால் பெனால்டியோடு ரெட்டும் உண்டு. அங்கே டிஃபெண்டர் பந்துக்குப் போகவே இல்லையே.

அடையாறு: லிவர்பூல் ரசிகன் நான். டியாஸ் கோலை நினைச்சா இன்னும் ஆறலை. தப்புன்னு தெரிஞ்சும் ஏன் நிறுத்தலை?

உங்கள் கோபம் நியாயம். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் மைதானம். லூயிஸ் டியாஸ் ஆஃப்சைடு இல்லை. களத்தில் ஆஃப்சைடு கொடுத்திருந்தார்கள். விஏஆர் அறையில் இருந்தவர் களத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ‘செக் முடிந்தது’ என்றார். ஃப்ரீ கிக் அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டது. மறு தொடக்கம் ஆனபின் முந்தைய முடிவை மாற்ற விதி இடம் கொடுக்கவில்லை, அதனால் தெரிந்தும் நிறுத்தவில்லை. வெளியான ஒலிப்பதிவைக் கேட்டால் கோளாறு எங்கே என்று புரியும்: கோடு சரியாகத்தான் போட்டார்கள், ‘களத்து முடிவு என்ன’ என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்க்கவில்லை. தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

போரூர்: கீப்பர் பந்தைப் பிடிச்சா கார்னர் கொடுத்துட்டாங்க. இது எப்போ வந்தது?

2025-26 சீசனிலிருந்து. 8 நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை ரெஃபரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். பழைய 6 நொடி விதிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரே கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்) தண்டனை. பாக்ஸுக்குள் அதைக் கொடுக்க ரெஃபரிகள் தயங்கியதால் அந்த விதி செத்தே கிடந்தது.

தாம்பரம்: நாலு மேட்ச் தோத்தா கோச்சை மாத்தணும்ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

ரிசல்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். 2019-20ல் சென்னையின் எஃப்சி நடு சீசனில் ஜான் கிரிகரியிலிருந்து ஓவன் கோய்லுக்கு மாறி, அடிமட்டத்திலிருந்து ஃபைனல் வரை போனது. அங்கே கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 தோல்வி. அந்த மாற்றம் பலித்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் மாதிரி ஆள் ஏற்கெனவே அணியில் இருந்தார், அந்த சீசனில் 15 கோல் அடித்தார். ஆளே இல்லாத அணியில் கோச்சை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்?

ஸ்டேடியத்தில் மேல் வரிசையில் உட்கார்ந்தால் இதைப் பாருங்கள், டிவியில் தெரியாது. பந்தை இழந்த நொடியில் ஸ்ட்ரைக்கருக்கும் கடைசி டிஃபெண்டருக்கும் இடையே எவ்வளவு தூரம்? 30, 35 மீட்டருக்குள் இருந்தால் அணி ஒன்றாக நகர்கிறது. 50 மீட்டருக்குப் பிரிந்து கிடந்தால் முன்னால் இருப்பவர்கள் பந்தைப் பறிக்க நெருக்குகிறார்கள், பின்னால் இருப்பவர்கள் பயந்து இறங்குகிறார்கள். நடுவில் எதிரணி நிதானமாகத் திரும்பி பாஸ் கொடுக்கும். இது மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் கோச்சின் பயிற்சியில்தான் குறை.

அடுத்தது மாற்று வீரர்கள். 5 பேரை மாற்றலாம், ஆனால் ஆட்டத்தை 3 முறைதான் நிறுத்தலாம். இடைவேளை அதில் சேராது. 65வது நிமிடத்துக்குள் மூன்றையும் செலவழித்துவிட்டு 80ல் ஒருவர் தசைப்பிடிப்பில் விழுந்தால் மீதி நேரம் 10 பேர்தான். இடைவேளையில் ஒருவரை மாற்றுவதே சிக்கனம்.

அண்ணா நகர்: லண்டன் மேட்ச் நேரம் ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் வைப்பார்கள். அவர்களின் சனி மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் கோடையில் 7.30, குளிரில் 8.30.

பெரம்பூர்: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். ரெஃபரி ஆகணும்னா ஓட்டம் எவ்ளோ வேணும்?

நல்ல ஆசைமா. ஃபிஃபா ஆண் ரெஃபரிகளுக்கான சோதனை: 40 மீட்டரை 6 நொடிக்குள் ஆறு தடவை, பிறகு 75 மீட்டரை 15 நொடியில் ஓடி 25 மீட்டரை 18 நொடியில் நடந்து, இப்படி 40 முறை. மொத்தம் 4 கிலோமீட்டர். பெண்களுக்கு நேரம் சற்றுக் கூடுதல். ஆரம்பத்திலேயே அவ்வளவு தேவையில்லை. வாரம் மூன்று நாள் 75-25ஐ 16 முறையில் தொடங்கி, வாரத்துக்கு நான்கு கூட்டு. சென்னை கால்பந்து சங்கத்தில் ரெஃபரி தேர்வு எப்போது என்று கேட்டு வை. அதற்குள் 17 விதிகளையும் படித்துவிடு. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016ல் ஃபிஃபா ரெஃபரி பட்டியலில் இடம்பிடித்தவர். வட சென்னையிலிருந்தும் ஒரு பெண் அந்தப் பட்டியலில் வரட்டும்.